கொன்ராட் சூசே

கொன்ராட் சூசே (ஜூன் 22, 1910 – டிசம்பர் 18, 1995) ஜெர்மனியைச் சேர்ந்த கட்டுமானப் பொறியாளரும் கணினித்துறை முன்னோடியும் ஆவார். பெர்லின் நகரில் தம் பெற்றோர் குடியிருந்த வீட்டின் கூடத்தில் 1936 முதல் 1938 வரை இவர் கட்டிய இசட்-1 என்னும் பொறி, இரும எண் முறையில் கணக்கிட்டு, துளையிட்ட நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்து இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட முதல் கணிப்பொறியாகும். இதற்குப் பல்கலைக்கழகத்தின் துணையோ அரசின் பொருளுதவியோ கிடைக்கவில்லை. 1941-இல் இவர் இயக்கிக் காட்டிய இசட்-3, நிரல்வழி இயங்கிய முதல் முழுமையான கணினி எனப் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. பிளான்கால்குல் என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கியவரும் இவரே.

முதல் கணினி எது என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. பொறிமுறையா மின்னணுவா, பதின்மமா இருமமா, நிரலை நாடாவில் வைத்ததா நினைவகத்தில் வைத்ததா என்பதைப் பொறுத்து விடை மாறும். சூசேயின் சிறப்பு முதன்மையில் மட்டும் இல்லை. தாம் கட்டிய ஒவ்வொரு பொறியின் தோல்வியிலிருந்தும் அடுத்த பொறிக்கு எதைக் கொண்டு செல்லலாம், எதைக் கைவிட வேண்டும் என்பதை அவர் தெளிவாகப் பிரித்தறிந்தார். இசட்-1 முதல் இசட்-4 வரையான நான்கு பொறிகளையும் வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

இளமையும் கல்வியும்

சூசே பெர்லினின் வில்மர்ஸ்டார்ஃப் பகுதியில் பிறந்தார். தந்தை எமில் சூசே அஞ்சல் துறை ஊழியர். தந்தையின் பணியிட மாற்றத்தால் குடும்பம் 1912-இல் கிழக்குப் பிரசியாவின் பிரவுன்ஸ்பெர்க் நகருக்கும் (இன்று போலந்திலுள்ள பிரானியெவோ), 1923-இல் சாக்சனிப் பகுதியின் ஹோயர்ஸ்வெர்டாவுக்கும் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பை 1928-இல் முடித்தார்.

இளமையில் ஓவியத்திலும் பொறியியலிலும் ஒருங்கே நாட்டம் கொண்டிருந்ததால் எத்துறையைத் தேர்வது என்பதில் அவருக்கு நீண்ட தடுமாற்றம் இருந்தது. பெர்லின் சார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் முதலில் இயந்திரப் பொறியியலும், பின்னர் கட்டடக் கலையும் பயின்று, இரண்டையும் விட்டுக் கட்டுமானப் பொறியியலில் நிலைகொண்டு 1935-இல் பட்டம் பெற்றார். மின்பொறியியல் இவர் பயின்ற துறை அன்று என்பது குறிப்பிடத்தக்கது.

படிவத்திலிருந்து பொறிக்கு

பாலங்கள், கூரைகள் போன்ற கட்டமைப்புகளில் ஒவ்வோர் உறுப்பும் தாங்கும் விசையைக் கண்டறிய, பல மாறிகளைக் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். மாறிகள் கூடக்கூட வேலை பன்மடங்காகப் பெருகும். அக்காலப் பொறியாளர்கள் மேசைக் கணிப்பான்களைக் கொண்டு நாட்கணக்கில் இதைச் செய்து வந்தனர். கணிப்பான் ஒரு பெருக்கலைச் செய்து முடித்ததும் விடையைத் தாளில் எழுதுவதும், அடுத்த எண்ணைத் தேடி உள்ளிடுவதும் மனிதரின் வேலையாக இருந்தது. பிழைகள் நேர்ந்ததும் பெரும்பாலும் இந்த இடைப்பட்ட வேலையில்தான்.

மாணவராக இருந்தபோதே சூசே இதற்கெனப் படிவங்களை வரைந்தார். எந்த எண் எந்தக் கட்டத்தில் எழுதப்பட வேண்டும், எந்தக் கட்டத்தையும் எந்தக் கட்டத்தையும் பெருக்கி விடையை எங்கே இடவேண்டும் என்பனவெல்லாம் படிவத்திலேயே முன்கூட்டி வரையறுக்கப்பட்டிருந்தன. படிவத்தை நிரப்புபவருக்குக் கணக்கின் பொருள் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அப்படியாயின் நிரப்புபவர் மனிதராக இருக்க வேண்டிய தேவையும் இல்லை என்ற எண்ணம் இங்கிருந்துதான் அவருக்குப் பிறந்தது. படிவத்தின் கட்டங்கள் நினைவகத்தின் இடங்களாயின; நிரப்பும் வரிசை நாடாவில் துளையிடப்பட்ட கட்டளை வரிசையாயிற்று; கணிப்பான் கணிப்பகமாயிற்று. நினைவகம், கணிப்பகம், கட்டுப்பாட்டகம் என மூன்றாகப் பிரியும் கணினியின் அமைப்பை அவர் ஒரு தாளிலிருந்து பெற்றார் எனலாம். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் இதையொத்த அமைப்பை வரைந்திருந்தார் என்பதை அவர் பின்னரே அறிந்தார்.

பட்டம் பெற்றபின் பெர்லினை அடுத்த ஷோனஃபெல்டில் இருந்த ஹென்ஷல் வானூர்தித் தொழிற்சாலையில் கட்டமைப்புக் கணக்கீட்டாளராகச் சேர்ந்தார். விமான இறக்கைகளின் கணக்குகள் பாலக் கணக்குகளைவிடச் சலிப்பூட்டுவனவாக இருந்தன. 1936-இல் நிலையான அவ்வேலையை விட்டு விலகித் தம் பெற்றோரிடம் கூடத்தைக் கேட்டுப் பெற்றார்.

கூடத்தில் எழுந்த இசட்-1

வீட்டில் இருந்தவற்றுள் பெரிய அறையைச் சூசே எடுத்துக்கொண்டார். பெற்றோரும் சகோதரியும் பணம் தந்தனர். கல்லூரித் தோழர்கள் பணத்தோடு உழைப்பையும் தந்தனர். கணிப்பான் உற்பத்தியாளரான குர்ட் பான்கே என்பவரும் உதவினார். தோழர்கள் மாலை வேளைகளில் வந்து, மெல்லிய உலோகத் தகடுகளைக் கம்பி வாளால் வரைபடப்படி அறுத்துக் கொடுத்தனர். பல்லாயிரக்கணக்கான உறுப்புகள் இவ்வாறு உருவாயின. முடிவில் பொறியின் எடை ஏறத்தாழ ஒரு டன்.

அக்காலக் கணிப்பான்கள் யாவும் பத்துப் பற்கள் கொண்ட சக்கரங்களால் பதின்ம முறையில் கணக்கிட்டன. சூசே சக்கரத்தையே கைவிட்டார். ஒரு தகடு இரண்டு நிலைகளுள் ஒன்றில் மட்டுமே இருக்கலாம். ஒன்று 0, மற்றது 1. தகடுகளின் துளைகளூடே ஓர் ஊசி செல்லும். கட்டுப்படுத்தும் தகடு ஒரு நிலையில் இருந்தால், தள்ளும் தகட்டின் அசைவை ஊசி அடுத்த தகட்டுக்குக் கடத்தும். மறுநிலையில் இருந்தால் கடத்தாது. அசைவையே மின்னோட்டமாகக் கொண்ட ஆளி இது. இந்த ஒரே உறுப்பைப் பலவாறு இணைத்து முழுப் பொறியையும் அமைத்துவிடலாம் என்று அவர் கண்டார். 'உம்', 'அல்லது', 'அன்று' என்னும் இணைப்புகளுக்கு அவரே குறியீடுகளை வகுத்துக்கொண்டார். அவற்றைப் பார்த்த அவருடைய பழைய கணித ஆசிரியர், அது தருக்கவியலில் ஏற்கெனவே உள்ள கூற்றுக் கணிதமே என்று எடுத்துரைத்த பிறகே, ஹில்பர்ட் முதலானோரின் நூல்களைச் சூசே தேடிப் படித்தார்.

எண்களை மிதவைப் புள்ளி முறையில் அமைத்ததும் துணிவான முடிவு. பொறியியல் கணக்குகளில் மிகப்பெரிய எண்ணும் மிகச்சிறிய எண்ணும் ஒரே சமன்பாட்டில் வரும். ஒவ்வோர் எண்ணையும் எண்பகுதி, அடுக்கு என இரண்டாகப் பிரித்து வைத்தால் புள்ளி எங்கே இருக்கிறது என்ற கவலையைப் பொறியிடமே விட்டுவிடலாம். பயனர் கவலைப்படாதிருக்கப் பொறியை வடிவமைப்பவர் எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பதை அதன் வரைபடங்களைப் பார்த்தோர் அறிவர். இதன் பின்னர் உருவான எனியாக் போன்ற புகழ்பெற்ற பொறிகளிலும் இவ்வசதி இல்லை.

1938-இல் பொறி நிறைவுற்றது. மின்னோடி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று என்ற அளவில் அதை இயக்கியது. கட்டளைகள் 35 மில்லிமீட்டர் திரைப்படச் சுருளில் துளையிடப்பட்டன. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் அது செய்தது. ஆனால் தொடர்ந்து செய்யவில்லை. இடையிடையே தகடுகள் சிக்கிக்கொண்டு நின்றன.

சிக்கலின் இடத்தைச் சூசே கவனமாகக் கண்டறிந்தார். நினைவகம் நன்றாகவே இயங்கியது. அங்கு ஒவ்வோர் ஊசியும் தன்னளவில் நின்று ஓர் இருமத்தை மட்டும் காத்தது. கணிப்பகத்திலோ ஒரு தகட்டின் அசைவு அடுத்ததற்கும், அது அதற்கடுத்ததற்கும், திசை மாறித் திசை மாறிக் கடத்தப்பட வேண்டும். கையால் அறுத்த தகட்டில் தலைமுடியளவு பிழை இருந்தாலும் சங்கிலியின் முடிவில் அப்பிழைகள் ஒன்றுசேர்ந்தன. தருக்கம் சரி, பொருள் தவறு என்பதே அவர் அடைந்த முடிவு. சிக்கி நிற்கும் பொறியைக் கண்டு முழுவதையும் கலைத்துவிட்டு வேறொன்றைத் தொடங்குவது எவருக்கும் எளிது. சூசே அதைச் செய்யவில்லை.

ரிலேக்களும் இசட்-2 பொறியும்

கல்லூரித் தோழர் ஹெல்முட் ஷ்ரேயர் மின்பொறியாளர். தகடுகளை விட்டுவிட்டு வெற்றிடக் குழல்களைப் பயன்படுத்துமாறு அவர் சூசேயிடம் கூறினார். சூசே தம் தருக்க வரைபடங்களைத் தகடு, ரிலே, குழல் எதற்கும் பொதுவான குறியீட்டில் எழுதியிருந்ததால், ஷ்ரேயரால் அவற்றை நேராகக் குழல் சுற்றுகளாக மாற்ற முடிந்தது. ஷ்ரேயர் சிறிய மின்னணுச் சுற்றுகளைக் கட்டிக் காட்டி 1941-இல் முனைவர் பட்டமும் பெற்றார். ஆனால் ஏறத்தாழ 2,000 குழல்கள் கொண்ட முழுக் கணினிக்கு அவர்கள் கேட்ட ஆதரவை அரசு தரப்பு வழங்கவில்லை. போருக்குப் பின் ஷ்ரேயர் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தார்.

சூசே நடுவழியைத் தேர்ந்தார். நன்றாக இயங்கிய தகட்டு நினைவகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சிக்கிய கணிப்பகத்தை மட்டும் பழைய தொலைபேசி ரிலேக்களால் மீண்டும் கட்டினார். மிதவைப் புள்ளியையும் தற்காலிகமாக விட்டுவிட்டு எளிய நிலைப்புள்ளி முறையில் அமைத்தார். ரிலேக்களை நம்பலாமா என்ற ஒரே கேள்விக்கு விடை காண்பதே இசட்-2 பொறியின் நோக்கமாதலால், பிற சிக்கல்களை அவர் வேண்டுமென்றே விலக்கினார். 1939-இல் போர் தொடங்கியதும் படைக்கு அழைக்கப்பட்ட அவர், சில மாதங்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டு ஹென்ஷல் நிறுவனத்துக்குத் திரும்பினார். 1940-இல் ஜெர்மானிய வான்பறப்பு ஆய்வு நிறுவனத்தாருக்கு இசட்-2 இயக்கிக் காட்டப்பட்டது. அதன்பின் அடுத்த பொறிக்கான செலவில் ஒரு பகுதியை அந்நிறுவனம் ஏற்றது.

இசட்-3

1941 மே 12 அன்று பெர்லினின் கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில், மெத்ஃபெசல் தெருவிலிருந்த பட்டறையில் அறிவியலாளர் சிலர் முன்னிலையில் இசட்-3 இயக்கிக் காட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள் அதில் இருந்தன. நினைவகத்தில் 64 எண்களை வைக்கலாம். ஒவ்வோர் எண்ணும் குறிக்கு 1, அடுக்குக்கு 7, எண்பகுதிக்கு 14 என 22 இருமங்களால் ஆனது. நினைவகத்துக்கு மட்டும் 1,408 இருமங்கள் வேண்டியிருந்ததால் ரிலேக்களில் பெரும்பகுதி அதற்கே செலவாயிற்று. கூட்டலுக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரமும் பெருக்கலுக்கு ஏறத்தாழ 3 நொடிகளும் ஆயின. எண்களைப் பதின்ம முறையில் விசைப்பலகையில் உள்ளிடலாம். விடை விளக்குகளில் பதின்ம முறையிலேயே தெரியும். இடையிலுள்ள எண்முறை மாற்றத்தைப் பொறியே செய்தது.

இரும முறையில் எண்பகுதியை ஒழுங்குபடுத்தி எழுதும்போது அதன் முதல் இலக்கம் எப்போதும் 1 ஆகவே இருக்கும். எப்போதும் ஒன்றாக இருப்பதை நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டியதில்லை. ஆகவே 14 இருமங்களில் 15 இருமத் துல்லியத்தை அவர் பெற்றார். ரிலே ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்தவரின் சிக்கனம் இது. இன்றைய கணினிகளும் மிதவைப் புள்ளி எண்களை இதே உத்தியால்தான் சேமிக்கின்றன.

இசட்-1 பூச்சியம் போன்ற விதிவிலக்கான மதிப்புகளைத் தனியே கையாளவில்லை. இசட்-3 பூச்சியத்தையும் முடிவிலியையும் அடையாளம் கண்டது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது போன்ற பொருளற்ற கணக்கு வந்தால் விளக்கை எரியவிட்டு நின்றுகொண்டது. ரிலே முனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி அவற்றை அரித்துவிடும் என்பது அவர் எதிர்கொண்ட மற்றொரு சிக்கல். இதற்காகச் சுழலும் உருளை ஒன்றை அமைத்தார். ரிலேக்கள் நிலைமாறும்போது அவற்றில் மின்னோட்டம் இராது. நிலைமாறி முடிந்த பிறகே உருளை மின்னோட்டத்தைச் செலுத்தும். தீப்பொறி உருளையின் முனையோடு நின்றது. தேய்வதை எளிதில் மாற்றக்கூடிய ஓரிடத்துக்கு நகர்த்திய இந்த ஏற்பாடு, ஆயிரக்கணக்கான முனைகளைக் காத்தது.

இசட்-3 பொறியின் கட்டளைகள் ஒன்பது மட்டுமே. அவற்றுள் நிபந்தனைக் கட்டளை இல்லை. விடை எதிர்மமானால் இன்னதைச் செய், இல்லையேல் வேறொன்றைச் செய் என்று அப்பொறிக்குச் சொல்ல வழியில்லை. கட்டமைப்புக் கணக்குகளின் படிவங்கள் மேலிருந்து கீழாக நேரே செல்வன; அவற்றில் கிளை பிரிவதில்லை. அவரை வழிநடத்திய படிவமே இங்கு அவருக்கு வேலியாகவும் அமைந்துவிட்டது என்று தோன்றுகிறது. நாடாவின் இரு முனைகளையும் ஒட்டிவிட்டால் கொள்கையளவில் இசட்-3 எந்தக் கணிப்பையும் செய்யவல்லதே என்று 1998-இல் ராவுல் ரோகாஸ் நிறுவினார். ஆயினும் அது நடைமுறைக்கு உதவாத சுற்றுவழியே.

பொறி அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. 1943 டிசம்பரில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் அது அழிந்தது. இசட்-1 பொறியும் அதன் வரைபடங்களும் பெர்லின் மீதான குண்டுவீச்சுகளிலேயே அழிந்துபோயின.

போர்க்காலப் பணி

சூசே நாசிக் கட்சியில் உறுப்பினராகவில்லை. ஆனால் அவருடைய போர்க்கால வருவாய் ஆயுதத் தொழிலிலிருந்தே வந்தது. ஹென்ஷல் தயாரித்த எச்எஸ்-293 என்னும் வானொலிவழிச் செலுத்தப்படும் மிதவைக் குண்டு கப்பல்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. அதன் இறக்கைகள் துல்லியமாக வார்க்கப்படாததால் ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியே திருத்தக் கணக்கிட வேண்டியிருந்தது. இதற்காகச் சூசே எஸ்-1 என்ற தனிப்பயன் பொறியைக் கட்டினார். அடுத்து வந்த எஸ்-2 பொறி, இறக்கையில் பொருத்திய அளவிகளை மனிதர் துணையின்றித் தானே படித்தது. தொழிலகச் செயல்களைக் கணினி நேரடியாக அளந்து கணக்கிட்ட முதல் நிகழ்வு இது என்று தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. அந்தத் தொழிற்சாலையில் கட்டாயத் தொழிலாளர்கள் பணிபுரிந்தனர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். முன்னோடிகளைப் பற்றிய கட்டுரைகள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம்.

1941-இல் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கிய சூசே, 1942 முதல் இசட்-4 பொறியைக் கட்டத் தொடங்கினார்.

இசட்-4 பொறியின் பயணம்

இசட்-4 பொறியில் எண்ணுக்கு 32 இருமங்கள். நினைவகத்தை ரிலேக்களால் கட்டினால் அறை நிறைந்துவிடும் என்பதை இசட்-3 கற்பித்திருந்தது. ஆகவே நினைவகம் மீண்டும் தகடுகளுக்குத் திரும்பியது. கணிப்பகம் ரிலேக்களிலேயே தொடர்ந்தது. கூடத்தில் அறுத்த தகடுகளில் பயன்பட்டது எது, பயன்படாதது எது என்று 1938-இல் அவர் பிரித்துவைத்த கணக்கு இங்கே கைகொடுத்தது.

1945 தொடக்கத்தில் பெர்லின் வீழும் நிலையில் பொறி கோட்டிங்கன் நகருக்குத் தொடர்வண்டியில் கொண்டு செல்லப்பட்டது. அங்கிருந்து ஹார்ட்ஸ் மலையின் நிலத்தடி ஆயுதச் சாலைகளுக்கு மாற்றுமாறு கூறப்பட்டபோது, கைதிகள் அங்கு வேலை வாங்கப்பட்ட கொடுமையைக் கண்டு, பொறியை அங்கு வைக்கத் தாம் விரும்பவில்லை என்று சூசே தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். முடிவில் அது ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள ஹின்டர்ஸ்டைன் என்னும் சிற்றூரையும், பின்னர் ஹோப்ஃபராவ் என்னும் ஊரையும் அடைந்தது. அவ்வாண்டு சனவரியில் சூசே கிசெலா பிராண்டஸ் என்பவரை மணந்திருந்தார். இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள்.

தொடக்கத்தில் இப்பொறிகளுக்கு மாதிரி என்னும் பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தால் வி-1, வி-2 என்றே பெயர். ஜெர்மனியின் ஏவுகணைகளுக்கும் இதே பெயர்கள் வாய்த்துவிட்டதால் போருக்குப் பின் தம் பெயரின் முதலெழுத்தைச் சூசே இட்டார்.

1949-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் எட்வர்ட் ஸ்டீஃபல் ஹோப்ஃபராவுக்கு வந்தார். அவர் கூறிய வகைக்கெழுச் சமன்பாட்டுக்குச் சூசே அங்கேயே நிரல் எழுதி, பொறியை இயக்கி விடை காட்டினார். கல்லூரி பொறியை வாடகைக்கு எடுக்க இசைந்தது. ஆனால் நிபந்தனைக் கட்டளை வேண்டும் என்று கேட்டது. சூசே அதைச் சேர்த்துக் கொடுத்தார். தாமே கட்டிய மூன்று பொறிகள் உணர்த்தாத குறையைப் பயன்படுத்த வந்தவர்கள் உடனே கண்டுகொண்டனர்.

1950 முதல் 1955 வரை இசட்-4 சூரிக் நகரில் இயங்கியது. கிராண்ட் டிக்சன்ஸ் அணைக்கான கணக்குகளும் பி-16 போர்விமானத்தின் இறக்கை அதிர்வுக் கணக்குகளும் அதில் செய்யப்பட்டன. பொறி இரவில் ஆளின்றியே இயங்கும் அளவுக்கு நம்பகமாக இருந்தது. அங்கு பணியாற்றிய ஹைன்ஸ் ருட்டிஸ்ஹவுசர், நிரலைப் பொறியே ஆக்கிக்கொள்ளும் வழிகளைப் பற்றி 1950-களின் தொடக்கத்தில் எழுதினார். பின்னர் அல்கோல் மொழியின் உருவாக்கத்திலும் பங்குகொண்டார். பின்னர் பிரான்சிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்ற பொறி, இப்போது மியூனிக் நகரின் ஜெர்மானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. போருக்கு முந்திய, போர்க்காலப் பொறிகளுள் அழியாது எஞ்சியது இது ஒன்றே.

பிளான்கால்குல்

மலையூரில் பொறி கட்டப் பொருளும் இல்லை, மின்சாரமும் போதவில்லை. 1942 முதல் எண்ணி வந்ததை 1945, 1946 ஆண்டுகளில் சூசே அங்கே எழுதி முடித்தார். அதுவே பிளான்கால்குல் என்னும் நிரலாக்க மொழி. இருமம் என்ற ஒரே அடிப்படை வகையிலிருந்து எண், பட்டியல், பதிவு ஆகிய அமைப்புகளைக் கட்டிக்கொள்வதும், நிபந்தனையும், மீள்செயலும் அதில் உண்டு. எடுத்துக்காட்டாகச் சதுரங்க ஆட்டத்தின் நகர்வுகளை ஆராயும் நிரல்களை அவர் எழுதினார். இசட்-3 பொறியில் இல்லாத நிபந்தனைக்குத் தாளில் முழு இடம் அளித்திருப்பது கவனிக்கத்தக்கது.

முழு ஆவணம் 1972-இல்தான் வெளிவந்தது. அதற்குள் ஃபோர்ட்ரான், அல்கோல், கோபால் ஆகிய மொழிகள் வேரூன்றிவிட்டன. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தினர் 2000-ஆம் ஆண்டில் இம்மொழியின் ஒரு பகுதிக்கு நிரல்பெயர்ப்பி எழுதி இயக்கிக் காட்டினர்.

நிறுவனமும் காப்புரிமை வழக்கும்

1949-இல் சூசே காகே என்னும் நிறுவனத்தை நொய்கிர்ஷனில் நிறுவினார். பின்னர் அது பாட் ஹெர்ஸ்ஃபெல்ட் நகருக்கு மாறியது. வில்லை வடிவமைப்புக்காக லைட்ஸ் நிறுவனத்துக்கு இசட்-5, நில அளவைத் துறையில் பெரிதும் பயன்பட்ட இசட்-11, வெற்றிடக் குழல்கள் கொண்ட இசட்-22, திரிதடையங்கள் கொண்ட இசட்-23, வரைபடங்களைத் தானே வரையும் கிராஃபோமாட் என வரிசையாகப் பொறிகள் வந்தன. 1967 வரை 251 கணினிகள் விற்கப்பட்டன. ஒவ்வொரு புதிய பொறிக்கும் ஆன வளர்ச்சிச் செலவு முந்தியதன் வருவாயை விழுங்கியது. 1964-இல் நிறுவனம் அவர் கையை விட்டுப் போயிற்று. பின்னர் சீமென்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று.

இசட்-3 பொறிக்காக 1941-இல் அவர் அளித்த காப்புரிமை விண்ணப்பம் போட்டி நிறுவனங்களின் எதிர்ப்பால் இழுபட்டு, 1967-இல் இறுதியாக மறுக்கப்பட்டது. அமைப்பு புதியதே எனினும் காப்புரிமைக்கு வேண்டிய கண்டுபிடிப்புத் தகுதி அதில் இல்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், கணினிகள் எங்கும் பரவிவிட்ட உலகில் அமர்ந்து 1941-இன் பொறியை மதிப்பிட்டால் எல்லாம் எளிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இசட்-1 மீண்டும்

ஓய்வுக்காலத்தில் சூசே இளமையில் விட்ட ஓவியத்துக்குத் திரும்பினார். பேரண்டமே ஒரு மாபெரும் கணிப்பொறியாக இருக்கலாம் என்னும் கருத்தை 1969-இல் ஒரு நூலாக எழுதினார். 1961-இல் அவருடைய நிறுவனம் கட்டிய இசட்-3 மீள்வடிவம் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

1980-களின் பிற்பகுதியில், எழுபத்தைந்து வயதைக் கடந்தபின், அழிந்துபோன இசட்-1 பொறியை மீண்டும் கட்ட அவர் முற்பட்டார். சீமென்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் பொருளுதவி செய்தன. மூல வரைபடங்கள் இல்லாததால், ஐம்பதாண்டுகளுக்கு முந்திய பொறியை நினைவிலிருந்து மீட்டுப் புதிய வரைபடங்களை வரைய வேண்டியிருந்தது. மாணவர் இருவர் துணைநின்றனர். இடையில் மாரடைப்பு ஏற்பட்டும் வேலையை அவர் கைவிடவில்லை. 1989-இல் நிறைவுற்ற பொறி பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

பெற்றோர் வீட்டுக் கூடத்தில் இல்லாத பணமும் கருவிகளும் இம்முறை இருந்தன. தகடுகள் கம்பி வாளால் அறுக்கப்படவில்லை. ஆயினும் புதிய இசட்-1 பொறியும் இடையிடையே சிக்கி நின்றது. சரிசெய்ய அவரே வரவேண்டியிருந்தது. கையின் பிழையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது, தகடுகளின் நீண்ட சங்கிலியே தளர்வானது என்பதை இரண்டாம் பொறி உறுதிப்படுத்தியது. அவர் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற வரைபடங்களிலிருந்து பொறியின் ஒவ்வோர் அடுக்கும் என்ன செய்கிறது என்பதை ரோகாஸ் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்.

சூசே 1995 டிசம்பர் 18 அன்று ஹூன்ஃபெல்ட் நகரில் காலமானார். அவருடைய மூத்த மகனும் கணினியியல் பேராசிரியருமான ஹோர்ஸ்ட் சூசே, தந்தையின் நூற்றாண்டான 2010-இல் இசட்-3 பொறியைப் புதிய ரிலேக்களால் மீண்டும் கட்டினார்.